பத்து எண்ணி முடிப்பதற்குள்

நாக் அவுட் என்ற சொல் என் வாயில் தினமும் நாலைந்து தடவையாவது வந்துவிடும். இத்தனைக்கும் நான் யாரையும் ஒரு குத்துக் குத்தியது கிடையாது. சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டிடிபி ஆப்பரேட்டர். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், பட்டாசு லேபிள், கபடி நோட்டீஸ் என்று வருவதையெல்லாம் கம்ப்யூட்டரில் கோத்து பிளேட்டுக்கு (அச்சுத் தகட்டுக்கு) அனுப்புவது என் வேலை.

எங்கள் தொழிலில் இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் பின்னணியில் நீல எழுத்து வரவேண்டும் என்று வையுங்கள். மஞ்சள் மேல் நீலம் அப்படியே ஏறினால் பச்சையாகிவிடும். அதனால் எழுத்து உட்காரும் இடத்தில் மட்டும் மஞ்சளை எடுத்துவிடுவோம். எழுத்தின் வடிவத்திலேயே மஞ்சளில் ஓர் ஓட்டை விழும். நீலம் வந்து அதற்குள் உட்காரும். இதுதான் நாக் அவுட். எடுக்காமல் மேலேயே ஏற்றினால் ஓவர்பிரின்ட்.

இதில் ஒரு பால பாடம் உண்டு. பொடி எழுத்து கருப்பாக இருந்தால் நாக் அவுட் செய்யவே கூடாது. எந்த நிறத்தின் மேல் ஏறினாலும் கருப்பு கருப்பாகத்தான் இருக்கும். அடியில் ஓட்டை போட்டு வைத்தால், மிஷினில் தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்கு ஒரு பக்கம் வெள்ளைக்கோடு தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அந்தப் பாடத்தைக் கோட்டை விட்டேன். ஒரு கல்யாணப் பத்திரிகை. தாமரைப்பூ நிறத்தில் பின்னணி, அதன் மேல் பொடிப்பொடியாகக் கருப்பு எழுத்து. ஓவர்பிரின்ட் டிக் போடாமல் பிளேட்டுக்கு அனுப்பிவிட்டேன். அறுநூறு தாள் ஓடிய பிறகுதான் மிஷின்மேன் அண்ணாச்சி ஒன்றை உருவி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

“என்ன தம்பி, கருப்பைப் போயி நாக் அவுட் பண்ணி அனுப்பியிருக்க? பொண்ணு பேரைச் சுத்திச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு.”

அறுநூறும் கழிவுக்காகிதம். சம்பளத்தில் பிடித்தார்கள். அது நியாயம்தான். ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வராததற்குக் காரணம் பணம் மட்டுமில்லை. குத்துச்சண்டைச் சொல் ஒன்று இந்த மை நாற்றத்துக்குள் எப்படி வந்தது என்று மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

அதற்கு முன்னாலேயே இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு இருந்தது. சின்ன வயதில் எங்கள் ஊர்ச் சுவர்களில் “மாபெரும் கபடிப் போட்டி” என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். நுழைவுக் கட்டணம், சுழற்கோப்பை, முதல் பரிசு எல்லாம் போட்டுவிட்டு அடியில் பொடி எழுத்தில் “போட்டிகள் நாக்-அவுட் முறையில் நடைபெறும். நடுவர் தீர்ப்பே இறுதியானது” என்று இருக்கும். அதை நான் ‘நாக்கு அவுட்’ என்றுதான் வாசித்தேன். தோற்ற அணிக்காரர்கள் மைதான ஓரத்தில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்கிறோமே, அதைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று வெகுநாள் நம்பினேன். ஏழாம் வகுப்பில் கட்டுரை நோட்டில் ‘நாக்கவுட்’ என்று எழுதி வாத்தியாரிடம் குட்டும் வாங்கினேன். இன்றும் ஊர்ப்பக்கம் பேச்சில் அது நாக்கவுட்தான்.

பத்திரிகை பாழான மறுநாள், அச்சகத்தில் கிடந்த தடிமனான ஆங்கில அகராதியைப் புரட்டினேன். ‘நாக்’ என்றால் தட்டு, ‘அவுட்’ என்றால் வெளியே. எதற்கு வெளியே? மைதானத்துக்கா, மேடைக்கா? அங்கே இருந்த விளக்கம் நான் எதிர்பார்க்காதது. பழைய ஆங்கிலக் குத்துச்சண்டைக்காரர்கள் சொன்ன முழுத்தொடர் ‘நாக் அவுட் ஆஃப் டைம்’. நேரத்துக்கு வெளியே தட்டிவிடுவது. பின்னால் வால் அறுந்து நாக் அவுட் மட்டும் நின்றிருக்கிறது.

இது புரிய வேண்டுமானால் அந்தக் காலத்துச் சண்டை எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும். கையுறை கிடையாது. மூன்று நிமிடத்துக்கு ஒரு மணி என்பதும் கிடையாது. ஒருவன் கீழே விழுந்தால் அந்தச் சுற்று முடிந்தது, அவ்வளவுதான். 1743-இல் லண்டனில் ஜாக் பிராட்டன் என்ற சண்டைக்காரர் எழுதி வைத்த விதிகளின்படி, விழுந்தவனுக்கு அரை நிமிடம் உண்டு. அதற்குள் அவனுடைய ஆட்கள் அவனைத் தூக்கி, தண்ணீர் காட்டி, மேடை நடுவில் கிழித்திருக்கும் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். 1838-இல் வந்த விதிகள் இன்னும் கறார். முப்பது விநாடி ஓய்வு, பிறகு ‘டைம்’ என்று கூவுவார்கள். அங்கிருந்து எட்டு விநாடிக்குள் யாருடைய கையையும் பிடிக்காமல் தானாக நடந்து கோட்டுக்கு வர வேண்டும். வராதவன் நேரத்துக்கு வெளியே போய்விட்டான்.

விழுவது தோல்வியில்லை என்பதைக் கவனியுங்கள். விழுந்தால் ஓய்வு. மூச்சு வாங்க வேண்டுமென்றால் லேசாக அடிபட்ட சாக்கில் முழங்காலை ஊன்றிவிடுவார்களாம், கெட்டிக்காரர்கள். அதனால்தான் அந்தச் சண்டைகள் அனுமார் வால் போல நீண்டன. 1889 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ரிச்பர்க்கில் ஜான் சல்லிவனும் ஜேக் கில்ரெயினும் மோதியது 75 சுற்று. கொளுத்தும் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். கடைசியில் கில்ரெயினின் ஆட்களே பஞ்சைத் தூக்கி உள்ளே போட்டுப் போதும் என்றார்கள். வெறுங்கை ஹெவிவெயிட் பட்டத்துக்கு நடந்த கடைசிப் பெரிய சண்டை அதுதான்.

அதற்குள் இங்கிலாந்தில் வேறு விதிகள் வந்துவிட்டன. 1867-இல் அச்சான அந்த விதிகளை எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ். பெயர் மட்டும் ஆதரவு கொடுத்த குவீன்ஸ்பெரி பிரபுவுக்குப் போய்விட்டது. (நாம் கண் வலிக்க லேஅவுட் போட, பத்திரிகையில் அச்சக முதலாளி பெயர் வருவது போல.) கையுறை, மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு எல்லாம் இதில்தான் வந்தது. கூடவே இன்னொன்று: விழுந்தவன் பத்து விநாடிக்குள் தானாக எழ வேண்டும்.

முப்பதும் எட்டும் சேர்ந்து முப்பத்தெட்டு விநாடியாக இருந்தது பத்தாகச் சுருங்கியது. இன்று நாம் டிவியில் பார்க்கும் நாக் அவுட் முழுக்க இந்தச் சுருக்கத்தில் பிறந்ததுதான் என்பது என் கணிப்பு. முப்பத்தெட்டு விநாடியும் முகத்தில் தண்ணீரும் இருந்தால் மயங்கியவனில் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். பத்து விநாடியில், தனியாக, அது நடக்காது. இதே போலத்தான் கையுறையும். அது எதிராளியின் முகத்தைக் காப்பாற்ற வந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் அது காப்பாற்றுவது குத்துகிறவனின் விரலெலும்பை. வெறுங்கையால் மண்டையோட்டில் ஓங்கிக் குத்தினால் உடைவது கைதான். உறை போட்ட பிறகு பயமில்லாமல் தாடையைக் குறிவைக்கலாம்.

அந்தப் பத்து விநாடி எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு சண்டைகளைத் திரும்பத் திரும்ப யூடியூபில் பார்த்திருக்கிறேன்.

முதலாவது 1927 செப்டம்பர் 22, சிகாகோ சோல்ஜர் ஃபீல்ட். ஒரு லட்சத்துக்கும் மேல் கூட்டம். சாம்பியன் ஜீன் டன்னியை ஏழாவது சுற்றில் ஜாக் டெம்ப்ஸி சரமாரியாகக் குத்திச் சாய்க்கிறார். டன்னி கயிற்றோரம் உட்கார்ந்த வாக்கில் கிடக்கிறார், இடது கை கயிற்றைப் பிடித்திருக்கிறது. வீழ்த்தியவர் தூரத்து மூலைக்குப் போனால்தான் எண்ணிக்கை ஆரம்பிக்கும் என்பது அன்றைய விதி. டெம்ப்ஸிக்குப் பழைய பழக்கம் விடவில்லை. விழுந்தவர் பக்கத்திலேயே நின்றார், எழுந்தால் மறுபடி குத்த. நடுவர் டேவ் பாரி அவரை அப்பால் தள்ளிவிட்டு வந்து ஒன்றிலிருந்து எண்ணினார். ஒன்பதில் டன்னி எழுந்தார். மொத்தத்தில் அவர் கீழே இருந்தது பதிமூன்று பதினான்கு விநாடி. பத்துச் சுற்றும் முடிந்து புள்ளிக் கணக்கில் டன்னியே ஜெயித்தார். நூறு வருஷம் ஆகப் போகிறது, அந்த நாலு விநாடி யாருடையது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்குக் கேட்டால் டெம்ப்ஸி பக்கம் நியாயமில்லை. விதியை மேடை ஏறுமுன் இருவருக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் டன்னி உட்கார்ந்தபடி நடுவரின் விரல்களையே பார்க்கும் அந்தப் பார்வை இருக்கிறதே, ரேஷன் கடையில் தராசு முள்ளைப் பார்ப்பது போல இருக்கும். அவர் அடுத்த குத்தைப் பற்றி யோசிக்கவில்லை. எண்களைச் செலவு செய்துகொண்டிருந்தார்.

இரண்டாவது 1990 பிப்ரவரி 11, டோக்கியோ டோம். மைக் டைசன் தொழில்முறைச் சண்டையில் அதுவரை தோற்றதே இல்லை. எதிரே பஸ்டர் டக்ளஸ். எட்டாவது சுற்றின் கடைசியில் டைசன் அவரை விழவைத்தார். எண்ணிக்கை ஒன்பதில் டக்ளஸ் எழுந்துவிட்டார். இங்கேயும் எண்ணிக்கை மெதுவாக நடந்தது என்று பிறகு தகராறு. பத்தாவது சுற்றில் டக்ளஸ் ஓர் அப்பர்கட் (கீழிருந்து மேலாக ஒரு குத்து) விட்டு, தொடர்ந்து நாலு குத்து விட, டைசன் மல்லாந்தார். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதற்கடுத்த சில விநாடிகளை. நடுவர் எண்ணிக்கொண்டிருக்கிறார். டைசன் தவழ்ந்துபோய், தெறித்து விழுந்த பல்லுறையைத் தடவித்தடவித் தேடுகிறார். எடுத்து வாயில் வைக்கிறார். சரியாக வைக்கத் தெரியவில்லை. ஒரு முனை பல்லுக்கிடையில், மறு முனை வாய்க்கு வெளியே தொங்குகிறது. உலகத்தையே பயமுறுத்திய மனிதர், மிட்டாய்த் துண்டைக் கவ்விய குழந்தை மாதிரி எழுந்திருக்கப் பார்க்கிறார். பத்து முடிந்துவிட்டது.

என் ஏழாம் வகுப்பு நாக்கவுட் அவ்வளவு தப்பில்லையோ என்று அப்போது தோன்றியது.

அவர் ஏன் எழுந்திருக்காமல் பல்லுறையைத் தேடினார் என்றால், அந்த நேரத்தில் மூளை முழுதாக வேலை செய்யவில்லை. தாடை ஒரு நெம்புகோல் மாதிரி. ஓரத்தில் குத்து விழுந்தால் தலை வெடுக்கென்று திரும்பும். உள்ளே திரவத்தில் மிதக்கும் மூளை அதே வேகத்தில் திரும்ப முடியாமல் பின்தங்கி, முறுக்கிக்கொண்டு இழுபடும். நரம்பிழைகள் நீண்டு, சேதிகள் தடுமாறி, விழிப்பே சில விநாடி நின்றுபோகிறது. மின்சாரம் போய் வருவது போல என்று சொல்வார்கள். போய்வந்த பின் எல்லாம் பழையபடி இருப்பதில்லை என்பதைத்தான் 1928-இல் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். பல வருடம் தலையில் குத்து வாங்கியவர்கள் குடித்தவர்கள் போலத் தள்ளாடுவதையும் நாக்குழறுவதையும் அவர் நோயாகப் பார்த்துப் பதிவு செய்தார். அது தெரிந்த பிறகு ரசிப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பார்க்கிறேன், மறைப்பானேன்.

டெக்னிக்கல் நாக் அவுட் என்று இன்னொன்றும் உண்டு. ஆள் நின்றுகொண்டுதான் இருப்பார், எண்ணியிருக்கவும் மாட்டார்கள். இனி தற்காத்துக்கொள்ள அவரால் முடியாது என்று நடுவரோ மருத்துவரோ கையை நீட்டி நிறுத்திவிடுவார்கள். நிறுத்தப்பட்டவர் எப்போதும் கோபப்படுவார். நிறுத்தியவர்தான் எப்போதும் சரி என்பது என் கட்சி.

சரி, மேடையை விட்டு இறங்குவோம். நம் ஊரில் இந்தச் சொல் கோலோச்சுவது போட்டி அட்டவணையில்தான். ஒரு தோல்வி, மூட்டை கட்டு. இதைக் கால்பந்துக்குப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் சார்லஸ் ஆல்காக். தான் படித்த ஹாரோ பள்ளியில் விடுதிகளுக்குள் இப்படிப் போட்டி நடக்கும். அந்த நினைப்பில் 1871-இல் எஃப்.ஏ. கோப்பையை (இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கக் கோப்பை) ஆரம்பித்தார். அந்த முதல் வருடக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோப்பையை வாங்கியது ஆல்காக்கே தலைமை தாங்கிய வாண்டரர்ஸ். முதல் சுற்றில் எதிரணி விலகிக்கொண்டது. அடுத்ததில் ஜெயித்தார்கள். அதற்கடுத்தது டிரா, இரண்டு அணியும் மேலே போகலாம் என்று விட்டுவிட்டார்கள். அரையிறுதியும் டிரா. மறு ஆட்டத்துக்கு மறுபடி லண்டன் வந்து தங்கக் காசில்லாமல் ஸ்காட்லாந்தின் குவீன்ஸ் பார்க் திரும்பிப் போய்விட்டது. இறுதியில் ஒரு கோல். ஆக, உலகத்தின் முதல் பெரிய நாக் அவுட் கோப்பையை வென்றவர்கள் மொத்தம் இரண்டே ஆட்டம்தான் ஜெயித்திருந்தார்கள்.

கிரிக்கெட்டில் இதே பெயரிலேயே ஒரு கோப்பை இருந்தது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. இன்றைய சாம்பியன்ஸ் டிராபிதான் 1998-இல் டாக்காவிலும் 2000-இல் நைரோபியிலும் நாக் அவுட் கோப்பையாக நடந்தது. நைரோபி இறுதியாட்டத்தில் கங்குலி 117 அடித்தார். கோப்பை நமக்கே என்று எங்கள் தெருவில் வெடி எல்லாம் எடுத்து வைத்துவிட்டோம் (சிவகாசியில் வெடிக்கா பஞ்சம்). கிறிஸ் கெய்ன்ஸ் ஆட்டமிழக்காமல் 102 எடுத்து நியூஸிலாந்தை ஜெயிக்க வைத்தார். வெடி தீபாவளிக்கு ஆனது.

நோட்டீஸ் அடிக்க வரும் இளவட்டங்கள் பல தடவை என்னிடம் கேட்பது: “அண்ணே, இருபத்திமூணு டீம் பேர் குடுத்திருக்கு, எத்தனை மேட்ச் வரும்?” தாளை விரித்து, கிளை கிளையாகக் கோடு போட்டு, யாருக்கு ‘பை’ (ஆடாமலேயே அடுத்த சுற்று) கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நான் மவுஸை விட்டுக் கையை எடுக்காமல் இருபத்திரண்டு என்பேன். ஒரு ஆட்டம் ஓர் அணியை வெளியேற்றும். ஒருத்தர் மிஞ்ச இருபத்திரண்டு பேர் வெளியேற வேண்டும். இந்தக் கணக்குக்காகவே என்னைக் கொஞ்சம் பெரிய ஆளாக நினைக்கிறார்கள், நானும் கலைக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கபடிக்குள் ‘அவுட்’ என்பது நிரந்தரமில்லை. நம் ஆள் பாடிப்போய் ஒருவனைத் தொட்டு வந்தால், வெளியே உட்கார்ந்திருக்கும் நம்மவன் ஒருவன் உள்ளே வந்துவிடுவான். அப்படி ஆட்டத்துக்குள் மறுபிறவி கொடுக்கும் விளையாட்டை, மறுபிறவியே இல்லாத முறையில் நடத்துகிறோம்.

வேறு இடங்களிலும் இந்தச் சொல்லைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன். இங்கிலாந்தில் பழம்பொருள் வியாபாரிகளின் ரகசியப் பேச்சில் நாக் அவுட் என்றால் ஒரு தில்லுமுல்லு. பொது ஏலத்தில் ஒருவருக்கொருவர் போட்டியாகக் கேட்பதில்லை என்று முன்பே பேசிக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் கேட்டு, அடிமாட்டு விலைக்கு எடுப்பார். பிறகு தங்களுக்குள் தனியாக இன்னொரு ஏலம். வித்தியாசத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதைத் தடுக்க 1927-இல் அங்கே சட்டமே போட்டார்கள். நம் ஊரில் கண்மாய் மீன் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. நாம் சிண்டிகேட் என்கிறோம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் நாக் அவுட் எலி என்று ஒன்று. ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்து எலியைப் பிறக்கவைத்து, அதற்கு என்ன கெடுகிறது என்று பார்ப்பார்கள். கெட்டது எதுவோ அதுதான் அந்த மரபணுவின் வேலை. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, எந்த அறையில் விளக்கு அணைகிறது என்று பார்ப்போமே, அதேதான். இதற்கு வழி கண்டுபிடித்த மரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007-இல் மருத்துவ நொபேல் பரிசு கிடைத்தது. அழகான பெண்ணை நாக் அவுட் என்று வர்ணிப்பதும் ஆங்கிலத்தில் உண்டு. அது எனக்கு ஒட்டவில்லை. அழகைப் பார்த்துச் சொக்குவதற்கு நம்மிடம் இல்லாத சொல்லா.

குடித்துவிட்டு விழுந்தவனை நாம் நாக் அவுட் என்பதில்லை, ‘மட்டை’ என்கிறோம். ஆள் மட்டையாகிட்டான். குத்துச்சண்டைக்கே இந்தச் சொல்லைக் கொடுத்திருக்கலாம், ஆனால் மட்டை ஏற்கெனவே கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. பத்திரிகைகளில் ‘வெளியேற்றுச் சுற்று’ என்றெல்லாம் எழுதிப் பார்த்தார்கள். நிற்கவில்லை. நிற்காததில் எனக்கு வருத்தமும் இல்லை. வடசென்னையில் ஒரு காலத்தில் பரம்பரை பரம்பரையாக நடந்த சண்டைக்கு ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்றுதானே நோட்டீஸ் அடித்தார்கள். ஆங்கிலம் என்று ஒத்துக்கொண்டு, முன்னால் நம் ரோசத்தைப் போட்டுக்கொண்டார்கள். கம்போஸ் செய்தவன் யாரோ, கெட்டிக்காரன்.

போன வாரம் இரண்டு பையன்கள் வாலிபால் நோட்டீஸுக்குக் கையெழுத்துப் பிரதி கொண்டுவந்தார்கள். கோடு போட்ட நோட்டுத் தாளில் பச்சை மையில் ‘நாக்கவுட் முறை’ என்று எழுதியிருந்தது. சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. நாக்-அவுட் என்று திருத்தி, சிவப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக ரிவர்ஸ் போட்டுக் காட்டினேன். சின்னவனுக்குப் பிடித்துவிட்டது. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான்.

“வெள்ளை மைக்குத் தனியா காசு ஆகுமாண்ணே?”

“வெள்ளை மையே கிடையாதுப்பா. அந்த எடத்துல சிவப்பு ஏறாது. தெரியுறது தாளு.”

அவன் நம்பாமல் பெரியவனைப் பார்த்தான். பெரியவன் அதைக் கவனிக்கவில்லை. பதினேழு அணிக்கு எத்தனை ஆட்டம் என்று தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.